நீலக் கசிவு

செவ்வாய்க்கிழமை தாய்லாந்துச் சந்தபுரியில் கல் சந்தை கிடையாது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் சிச்சான் தெருவில் மேசைக்கு மேசை முட்டிக்கொண்டு ஆட்கள் நடப்பார்கள். மற்ற நாட்களில் அதே தெருவில் நாய் குறுக்கே படுத்துத் தூங்கும். ஆனால் வாரக் கடைசியில் வாங்கிக் குவித்த கல்லையெல்லாம் யாராவது உட்கார்ந்து தரம் பிரிக்க வேண்டுமே. அதனால் லமியத்துக்கு ஓய்வுநாள் என்று ஒன்று இருந்ததில்லை. முப்பத்தோரு வருஷமாக இல்லை.

ஜே ஹுவாவின் கடையில் வடக்குப் பார்த்த சன்னல் ஒன்று. அதன் கீழே வெள்ளைத்தாள் ஒட்டிய மேசை, மேசைக்குப் பின்னால் லமியத். கல் வாங்க வருகிறவர்கள் ஜே ஹுவா கடை எது என்று கேட்பதில்லை. லமியத் அக்கா உட்காரும் இடம் எது என்றுதான் கேட்பார்கள். இது ஜே ஹுவாவுக்கும் தெரியும். தெரிந்திருந்தும் பத்து வருஷமாகச் சம்பளத்தை உயர்த்தவில்லை. கெட்டிக்காரி.

லமியத் ஒரு கல்லை லென்ஸில் பார்த்து, சுத்தம் என்று தெரிந்தால் காகிதப் பொட்டலத்தில் மடித்து, நாடா ஒட்டி, நாடாவுக்கு மேலே பேனாவால் ஒரு சுழி போடுவாள். வால் வைத்த சின்னச் சுழி. அவ்வளவுதான். சுழி போட்ட பொட்டலத்தை அப்புறம் யாரும் பிரிப்பதில்லை. நாலு கை, ஐந்து கை மாறினாலும் ஒட்டினபடியே மாறும். நாடா பிரிந்துவிட்டால் யாரோ சந்தேகப்பட்டிருக்கிறான் என்று அர்த்தம், விலை இறங்கிவிடும். பாங்காக்கில் காகிதத்தில் முத்திரை குத்தித் தருகிற ஆய்வுக்கூடங்கள் எத்தனையோ வந்துவிட்டன. சிச்சான் தெருவுக்கு அந்தச் சுழி போதும்.

அவள் தேடுவது கண்ணாடியை. விரிசல் இல்லாத கெம்பு கிடைப்பது மாமியார் மெச்சின மருமகள் கிடைப்பது மாதிரி. ஆனால் விரிசல் கண்ணில் படுவதற்குக் காரணம் விரிசல் அல்ல, அதற்குள் இருக்கும் காற்று. கல்லுக்குள் நேரே ஓடிவருகிற வெளிச்சம் காற்றில் கால் வைத்ததும் இடறித் திரும்புகிறது. அதனால் அங்கே வெள்ளைக் கோடு தெரிகிறது. காற்றை விரட்டிவிட்டு, கல்லைப் போலவே வெளிச்சத்தை வளைக்கும் ஒன்றை அந்த இடத்தில் ஊற்றிவிட்டால் வெளிச்சத்துக்கு வாசற்படி இருப்பதே தெரியாது, தாண்டிப் போய்விடும். ஏப்ரல் தண்ணீர்த் திருவிழாவில் வெள்ளைச் சட்டை நனைந்ததும் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிகிறதே, அதே சங்கதி. நூலிடுக்கில் இருந்த காற்று போய்த் தண்ணீர் வந்துவிட்டது. கல்லுக்கு ஊற்றுவது ஈயம் கலந்த கண்ணாடி. உலையில் உருக்கி ஊற்றினால், எட்டாகப் பிளந்த கல்லும் கன்னிப்பெண் மாதிரி வந்து நிற்கும்.

கண்ணாடி ஊற்றுவதில் தப்பில்லை. ஊற்றினது என்று சொல்லி, ஊற்றின விலைக்கு விற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. சொல்லாமல் விற்பதுதான் அயோக்கியத்தனம். அதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. கண்ணாடியும் கல்லும் எல்லா நிறத்துக்கும் ஒரே மாதிரி ஒத்துப்போவதில்லை. மற்ற நிறமெல்லாம் ஏமாந்து போய்விடும். நீலம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். கல்லை விளக்கடியில் மெல்லத் திருப்பினால், ஒரு கோணத்தில் விரிசல் வழியே பளிச்சென்று நீலம் கசியும். கண் இமைத்தால் போச்சு. லமியத் அந்த நீலத்துக்காக முப்பத்தோரு வருஷம் இமைக்காமல் உட்கார்ந்தவள். கழுத்து போய்விட்டது, முட்டி போய்விட்டது, கல்யாணமும் ஆகவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஒரு பெண் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தாள். வயது முப்பத்தைந்து இருக்கும். பூண்டும் மீன்சாறும் கலந்த வாசனை அவளுக்கு முன்னால் உள்ளே வந்தது.

"அத்தை, உள்ள வரலாமா? நான் புன்மா. பாலத்துக்கு அந்தாண்ட பப்பாளிக்காய்ச் சொம்தாம் இடிக்கிறேன்ல, மஞ்சக் குடை போட்டு."

"வா. உக்காரு. என்ன விக்கணும்?"

"விக்கவா! நல்லா கேட்டீங்க. கழுவணும் அத்தை." விரலில் இருந்து மோதிரத்தைச் சோப்புப் போட்டதுபோல் வழித்து எடுத்தாள். "இதுல என்னமோ பாசி மாதிரி பிடிச்சிருக்கு. பல்பொடி போட்டுத் தேய்ச்சேன், போகலை. சாம்பல் போட்டேன், அதுக்கும் போகலை. வீட்ல அந்த மனுஷன், கல்லைக் கெடுத்துட்டியேடின்னு ஒரு வாரமா சோறு உள்ள எறங்கவிடாம பேசுறான்."

லமியத் மோதிரத்தை வாங்கினாள். லென்ஸே தேவைப்படவில்லை. நல்ல சிவப்புக் கல். அதன் மேலே வெள்ளை வெள்ளையாகச் சிலந்திவலை மாதிரிக் கோடுகள்.

புன்மா பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த பொட்டலக் காகிதத்தையும் எடுத்து நீட்டினாள். நாடாவின் மேலே வால் வைத்த சுழி இருந்தது. போன வருஷத்துத் தேதி.

"உங்க குறிதானே அத்தை? இது இருக்கவும்தான் வாங்கினேன். மூணு வருஷம் சேத்த பணம். அவனுக்கு வண்டி வாங்கணும்னு ஆசை. வண்டி ஓட ஓடத் தேயும், கல்லு தேயுமான்னு நான்தான் வாயடிச்சு வாங்கினது. இப்ப பாருங்க."

"மோதிரத்தைக் கழட்டாமதான் வேலை பாப்பியா?"

"எங்க கழட்டுறது? கழட்டி வச்சா களவு போகும்."

"எலுமிச்சம்பழம் பிழியிறதும் இதோடதானா?"

"ஒரு நாளைக்கு அறுபது பழம் பிழியிறேன் அத்தை. ஏன், பிழியக் கூடாதா?"

இங்கேதான் லமியத் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். கெம்பை எலுமிச்சம்பழம் ஒன்றும் செய்யாது. எலுமிச்சம்பழத்துக்குள் ஊறப்போட்டாலும் செய்யாது. சாறு தின்றது கண்ணாடியை. கண்ணாடி அந்தக் கல்லுக்குள் இருந்திருக்கிறது, அது கண்ணில் படாமல்தான் அவள் சுழி போட்டிருக்கிறாள். பார்த்த மாத்திரத்தில் இவ்வளவும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் உண்மை என்பது ஆரம்பித்தால் நீளுகிற சமாசாரம். அழுகை வரும், புருஷன் வருவான், ஜே ஹுவா மாடியிலிருந்து இறங்குவாள், பணத்தைத் திருப்பிக் கொடு என்று பேச்சு வரும். மேசையில் இன்னும் நாற்பது கல் பாக்கி. அவளுக்குக் களைப்பாக இருந்தது. காரணம் அவ்வளவுதான். இதைவிட நல்ல காரணம் ஏதாவது கிடைக்குமா என்று பிற்பாடு அவளும் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

"மோதிரத்தோட எலுமிச்சம்பழம் பிழியலாமா?" என்றாள். "புளிப்புப் பட்டா இப்படித்தான் வெளுத்துப்போகும்."

புன்மாவின் முகம் விழுந்துவிட்டது. "ஐயோ, அப்ப அவன் சொன்னது நெசந்தானா? என் கைதானா?"

லமியத் மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வச்சிட்டுப் போ. மேல தேய்ச்சு ஏதாவது பண்ண முடியுதான்னு பாக்குறேன்."

புன்மா எழுந்து, இரண்டு கையையும் நெற்றிக்கு உயர்த்திக் கும்பிட்டாள். பெரியவர்களிடம் தப்புச் செய்துவிட்டால் கும்பிடுகிற கும்பிடு. "மன்னிச்சுக்கங்க அத்தை. நீங்க பாத்துக் குடுத்த கல்லைக் கெடுத்துட்டேன்."

அவள் போன பிறகு லமியத் விளக்கைப் போட்டுக் கல்லைத் திருப்பினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, பத்துச் சுற்று. கண்ணாடி உள்ளே இருப்பது நிச்சயம். ஆனால் எந்தக் கோணத்திலும் நீலம் இல்லை. யாரோ புதுமாதிரிக் கண்ணாடி கண்டுபிடித்துவிட்டார்கள், நீலம் கசியாத கண்ணாடி என்று நினைத்தாள். அப்படி நினைக்க ஆறுதலாகவும் இருந்தது. உலகமே ஏமாறுகிற விஷயம் என்றால் தன் பங்குக்குக் குறைச்சல்தானே.

ஜே ஹுவா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அறுபத்தெட்டு வயதில் கறுப்பு மை போட்ட கொண்டை, சோடாபுட்டிக் கண்ணாடி.

"ஜே, இதைப் பாருங்க. புதுக் கண்ணாடி. நீலமே அடிக்கலை."

ஜே ஹுவா லென்ஸை வாங்கிக் குனிந்தாள். கல்லை அரைச் சுற்றுக்கூடத் திருப்பியிருக்கமாட்டாள்.

"என்னடி உளர்ற? கேஸ் அடுப்பு மாதிரி அடிக்குது நீலம். இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. இந்த மூலையில பாரு, மூணு!"

லமியத் பார்த்தாள். சிவப்பு தெரிந்தது, வெள்ளைக் கோடு தெரிந்தது. ஜே ஹுவாவின் விரல் நகத்தில் உரிந்த சாயம்கூடத் தெரிந்தது.

"ஆமா ஜே," என்றாள். "இப்ப தெரியுது."

மறுநாள் காலையில் அவள் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி மாதா கோயிலுக்குப் போனாள். அவளுடைய பூட்டன் காலத்தில் வியட்நாமிலிருந்து ஓடிவந்த குடும்பங்கள் கட்டின கோயில் அது. ஞானஸ்நானம் பெற்ற நாளிலிருந்து போய்வருகிற இடம். உள்ளே நீலக்கல் பதித்த மாதா சுரூபம் உண்டு. ஒரு வருஷத்துக்கும் மேலாக அந்தச் சுரூபம் கரி பிடித்துக் கிடக்கிறது என்று லமியத்துக்கு ஒரே மனத்தாங்கல். மெழுகுவத்திப் புகை, துடைக்க நாதியில்லை என்று கோயில்பிள்ளையிடம் நாலு தடவை சண்டையும் போட்டிருக்கிறாள்.

அன்றைக்கும் மாதா கறுத்துத்தான் நின்றாள். கோயில்பிள்ளை தூரத்திலேயே அவளைப் பார்த்துவிட்டு, ஓடி ஒளிய இடமில்லாமல் துடைப்பத்தோடு வந்தார்.

"அக்கா, சத்தியமாச் சொல்றேன், நேத்துதான் துடைச்சேன்."

"நான் சண்டைக்கு வரலை. ஒண்ணு கேக்கணும். அம்மாவோட அங்கி இப்ப உங்களுக்கு என்ன நிறமாத் தெரியுது?"

அவர் சுரூபத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இது என்ன கேள்வி? நீலம்தான். பாக்குற கண்ணு கூசுது. நீங்கதான் அழுக்கு அழுக்குங்கிறீங்க. சாமியார்கூடச் சிரிக்கிறார், லமியத்துக்குத்தான் ஊரெல்லாம் அழுக்குன்னு."

லமியத் முன்வரிசைப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். செபம் வரவில்லை. ஒரு வருஷம், இல்லை, இரண்டு வருஷம் என்று கணக்குப் போட ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டாள். அவளுக்குப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை கண் டாக்டர் சொன்னது புதிதாக ஒன்றுமில்லை. சின்ன வயசு டாக்டர், நிதானமாகச் சொன்னாள்.

"கண்ணுக்குள்ள இருக்கிற வில்லை மஞ்சளாயிருச்சும்மா. புரைதான். நீங்க எல்லாத்தையும் டீத்தண்ணி வழியா பாத்துட்டு இருக்கீங்க. டீத்தண்ணியில நீலம் வராது."

"எழுத்தெல்லாம் நல்லாத் தெரியுதேம்மா. ஊசியில நூல் கோக்குறேன்."

"கோக்கலாம். கறுப்பு வெள்ளைக்கு இன்னும் பழுதில்லை, நிறம்தான் போச்சு. மெல்ல மெல்லப் போறதால தெரிஞ்சிருக்காது. ரெண்டு மூணு வருஷமாச்சும் இருக்கும். மாத்திடலாம், அரைமணி நேர வேலை."

மாற்றிவிடலாம். கண்ணை மாற்றிவிடலாம். சுழி போட்டு அனுப்பின பொட்டலங்களை யார் மாற்றுவது? எந்த நிறத்தைப் பிடிக்கச் சம்பளம் வாங்கினாளோ, கடவுள் அந்த ஒரே நிறத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டிருக்கிறார். வேறு எந்தத் தொழிலில் இருந்தாலும் இந்தப் புரை இந்நேரம் யாரையும் கெடுத்திருக்காது.

அன்று மாலை ஜே ஹுவாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஜே ஹுவா டிவியை அணைத்துவிட்டுக் கேட்டாள். அவள் குணத்துக்கு ஆச்சரியமாக, அன்பாகவே பேசினாள்.

"முட்டி வலின்னு லீவு போடு. ஆபரேஷன் செலவு என்னுது. ஒரு மாசம் படுத்துத் தூங்கு. உன்னைப் பாத்தாலே எனக்குத் தூக்கம் வருது, அவ்வளவு களைச்சுக் கெடக்க. திரும்பி வந்து உக்காரு. யாருக்கும் ஒண்ணும் தெரிய வேணாம்."

"வெளிய போன பொட்டலம்?"

"போனது போச்சு. யாரு நாடாவைப் பிரிக்கப் போறா? ஊர்ல ஒட்டின பொட்டலம் ஒட்டினபடியே சுத்தட்டும்."

"ஒருத்தி பிரிச்சு விரல்ல போட்டுட்டா ஜே. இன்னும் எத்தனை பேரு போடுவாங்களோ."

"அவளுக்கு வேற கல்லு குடுத்துருவோம், வாயை மூடிக்கச் சொல்லி. லமியத், நல்லாக் கேட்டுக்க. உன் கண்ணு போச்சுன்னு என் கடையும் போகணுமா?"

நியாயமான பேச்சுதான். ஒரு மாசம் தூங்கலாம் என்ற இடம் லமியத்தின் காதில் தேனாக விழுந்தது. தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். படுத்தால் தூக்கம் வரவில்லை. புன்மா கும்பிட்ட அந்த இரண்டு கையும்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை சந்தை கூடியதும் லமியத் தன் மேசையில் உட்காரவில்லை. தெருவில் இறங்கி மேசை மேசையாகப் போனாள்.

"என் சுழி போட்ட பொட்டலம் வச்சிருக்கீங்களா? ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டதுன்னா பிரிச்சு வேற யாரையாவது விட்டுப் பாருங்க. கண்ணாடி இருக்கலாம். என் கண்ணு சரியில்லை."

முதல் மேசைக்காரன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். இரண்டாவது மேசைக்காரன் சிரித்துவிட்டான். மூன்றாவது மேசையில் இருந்தவர் மஹ்ரூப் நானா, இலங்கைப் பேருவளையிலிருந்து வந்து இருபது வருஷமாகச் சந்தபுரியிலேயே கிடக்கிற வியாபாரி. அவர் எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டார், டீ சொன்னார், அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, வெளிப்படையா சொல்லுங்க. ஜே ஹுவா எவ்வளவுக்கு வாங்கிட்டு வரச் சொன்னா?"

"வாங்க வரலை நானா. நெசமாவே சொல்றேன்."

"கல்லைக் குறை சொல்றவன்தான் கல்லை வாங்க வந்தவன். இதை எனக்கு இந்தத் தெருவுல சொல்லிக் குடுத்ததே நீங்கதான். நாடாவைப் பிரிக்க வச்சு, விலையை எறக்கி, மொத்தமா அள்ளிக்கலாம்னு பாக்குறீங்க. எங்கேயோ பெரிய ஆர்டர் வந்திருக்கு. சரியா?"

"என் கண்ணுக்கு நீலம் தெரியலைங்கிறேன்!"

"தெரியாத கண்ணா என் சட்டைப் பையில இருக்கிற பொட்டலத்தைப் பாத்துட்டு வந்துச்சு?" என்றார் நானா. பக்கத்து மேசைகளில் கைதட்டாத குறை.

மத்தியானத்துக்குள் செய்தி தெரு முழுக்கப் பரவிவிட்டது. லமியத் சுழி போட்ட பழைய பொட்டலங்களுக்கு ஜே ஹுவா ஆள் விட்டிருக்கிறாள், விடாதே, பிடித்து வை. மூன்று மணிக்கு அவற்றின் விலை ஏறிவிட்டது. பார்க்காமல் போட்ட சுழியை இரண்டு வருஷம் வேதவாக்காக நம்பினவர்கள், வாயைத் திறந்து உண்மை சொன்னதும் தந்திரம் என்கிறார்கள். ஊர் என்றால் இப்படித்தான். ஜே ஹுவா கடை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படலாமா சிரிக்கலாமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

லமியத் பாலத்தைத் தாண்டினாள். மஞ்சள் குடைக்கு அடியில் புன்மா உரலில் பப்பாளிக்காயை இடித்துக்கொண்டிருந்தாள். லமியத் மோதிரத்தை அவளிடம் கொடுத்தாள். பிறகு நின்றபடியே சொன்னாள்: கல்லில் கண்ணாடி, தன் கண்ணில் புரை, நீலம், டீத்தண்ணி எல்லாவற்றையும். செவ்வாய்க்கிழமை என்ன தெரிந்தது, என்ன சொன்னோம் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்யவுமில்லை; அந்த இடம் வந்ததும் வாய் தானாக அதைத் தாண்டிப் போய்விட்டது.

உலக்கை நின்றிருந்தது. "அப்ப என் கல்லு?"

"நல்ல கல்லு தர்றேன். என் சொந்தக் கல்லு, வேற ஆளை வச்சுப் பாத்து. அது இருக்கட்டும். நீ எனக்கு ஒரு உதவி பண்ணணும். நாளைக்குச் சந்தைக்கு வந்து என்னைத் திட்டணும்."

"என்னது?"

"நான் சொன்னா எவனும் நம்பமாட்டேங்கிறான். விலை பேச வந்திருக்கேன்ங்கிறான். ஏமாந்தவ ஒருத்தி வந்து, நடுத்தெருவுல மோதிரத்தைக் காட்டித் திட்டினா நம்புவாங்க. உனக்குத்தான் நல்ல வாயாச்சே."

"ஐயையோ! போங்க அத்தை. உங்களைப் போயா? உங்க வயசென்ன, என் வயசென்ன? நாக்கு அழுகிப்போகும்."

"உன்னை மாதிரி இன்னும் எத்தனை பேரு வாங்கிட்டு நிப்பாங்களோ புன்மா."

புன்மா உரலுக்குள் பார்த்தாள். மிளகாய் ஒன்றைப் போட்டு, தேவையில்லாமல் நாலு இடி இடித்தாள். "எத்தனை மணிக்கு வரணும்?" என்றாள்.

சனிக்கிழமை பத்து மணி. தெரு நிரம்பியிருந்தது. புன்மா அடுப்படித் துணியை இடுப்பிலேயே செருகிக்கொண்டு வந்தாள். பின்னால் அவள் புருஷன் கம்சிங், வேடிக்கை பார்க்க வந்தவன் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு. லமியத் தெரு நடுவில், மஹ்ரூப் நானாவின் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள்.

புன்மா ஆரம்பித்தது பரிதாபமாக இருந்தது. "லமியத் அத்தை, நீங்க... நீங்க செஞ்சது சரியில்லை," என்றாள், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிறவள் போல. இரண்டு பேர் சிரித்தார்கள். ஜே ஹுவா நாடகம் போடுகிறாள் என்று ஒருவன் சத்தமாகவே சொன்னான்.

"சத்தமாப் பேசு," என்றாள் லமியத் மெதுவாக.

"இந்தாங்க பாருங்க!" புன்மா மோதிரக் கையைத் தூக்கினாள். "இவங்க சுழியை நம்பி வாங்கினேன். மூணு வருஷம், ஒரு நாளைக்கு அறுபது பழம் பிழிஞ்சு சேத்த காசு. கண்ணாடியாம்! கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஒரு வருஷமா மகாராணி மாதிரித் திரிஞ்சிருக்கேன். எலுமிச்சைத் தண்ணி பட்டு வெளுத்துக் கெடக்கு, என் கைதான் கெடுத்துருச்சுன்னு..."

மஹ்ரூப் நானா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக் கல்லைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"இது கண்ணாடி ஊத்தின கல்லுதான்," என்றார். "ஆனா உன் கை கெடுத்துச்சுன்னு எவன்மா சொன்னான்? கெம்பை எலுமிச்சை ஒண்ணும் பண்ணாது. இந்தத் தெருவுல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் அது. வெளுத்த அன்னைக்கே கண்ணாடின்னு தெரிஞ்சு போச்சே."

புன்மா அவரைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி லமியத்தைப் பார்த்தாள். அவளுக்குள் ஒவ்வொன்றாகச் சேருவது முகத்தில் தெரிந்தது. லமியத் அதைத் தடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சின்னப் பிள்ளைக்கே தெரியுமாமே," என்றாள் புன்மா. அத்தை போய்விட்டது. "உனக்குத் தெரியாதா? செவ்வாக்கெழமை நான் வந்தேன். உன் முன்னாடி உக்காந்தேன். மோதிரத்தோட எலுமிச்சை பிழியலாமான்னு கேட்டியே, அந்த வாயிதானே இது? நான் கும்பிட்டேன். உன் கல்லைக் கெடுத்துட்டேன்னு உன்கிட்டயே மன்னிப்புக் கேட்டுக் கும்பிட்டேன். நீ குத்துக்கல்லு மாதிரி உக்காந்து வாங்கிக்கிட்டே! வீட்டுக்குப் போயி இவன் கால்ல விழுந்தேன், தெரியுமா? நீ சொன்னதுதான் சரி, என் கைதான் தரித்திரம் பிடிச்ச கைன்னு நானே சொல்லி அழுதேன். கண்ணு தெரியலைன்னு நேத்து வந்து கதை சொன்னியே, நானும் பாவம் கெழவின்னு நெனச்சேன். கண்ணு தெரியாதவ கல்லைப் பாத்துத் தப்புப் பண்ணலாம். என் மூஞ்சியைப் பாத்துமா? அன்னைக்கே தெரியுமா, தெரியாதா உனக்கு?"

இப்படி ஒரு கேள்விக்கு ஒத்திகை கிடையாது. புரை என்று சொல்லலாம், வயசு என்று சொல்லலாம், குழப்பமாக இருந்தது என்று சொல்லலாம், நம்பவும் நம்புவார்கள். லமியத்துக்கு வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தன. முப்பத்தோரு வருஷத்தில் இவ்வளவு பேர் அவள் வாயைப் பார்த்து நின்றது உண்டு, ஆனால் இப்படி நின்றதில்லை.

"தெரியும்," என்றாள்.

மஹ்ரூப் நானா தன் சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். கொஞ்சம் தயங்கிவிட்டு, நாடாவைப் பிரித்தார். அடுத்த மேசையில் இன்னொருவன் பிரித்தான். அப்புறம் தெருவின் இரண்டு பக்கமும் நாடா கிழிகிற சத்தம்தான். லென்ஸைக் கொண்டா, விளக்கைத் திருப்பு என்று ஆளாளுக்குக் குனிந்துகொண்டார்கள். லமியத்தை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜே ஹுவா கடைக் கதவை உள்ளேயிருந்து இழுத்துச் சாத்தினாள்.

புன்மா அழுதுகொண்டிருந்தாள். அழுதபடியே புருஷன் பக்கம் திரும்பி, அந்தக் கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கேட்டுக்கிட்டியா? என் கை இல்லை. என் கை இல்லை."

கம்சிங் கட்டியிருந்த கையைக் கீழே விட்டான்.

லமியத்துக்குக் கால் கடுத்தது. எங்கேயாவது உட்கார வேண்டும் போலிருந்தது. நேற்றுவரை அவளைக் கண்டதும் நாற்காலி இழுத்துப் போட்ட தெரு அது. அன்றைக்கு யாரும் போடவில்லை, அவளும் கேட்கவில்லை.